மூணாவது பாட்டுக்கு அழுத கதை

போன வியாழக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. முன்னப்பின்ன தெரியாத அஞ்சு பேருக்குப் பாட்டு போட்டுக் காட்டி, "எப்படி இருக்கு"ன்னு கேட்டு, அவங்க சொல்றதை செல்போன்ல வீடியோ எடுக்கணும்.

அவ்வளவுதான். இதுக்காக ஆபீஸ்ல லீவு வேற போட்டேன்.

பாட்டு என் ஃப்ரெண்ட் கயலோடது. காலேஜ்ல எனக்குப் பக்கத்து சீட்டு. பட்டினப்பாக்கத்துல பொறந்து, மயிலாப்பூர்ல பாட்டு கத்துக்கிட்டு, கம்ப்யூட்டர்ல டிரம்ஸ் அடிக்கிறவ. பாத்துட்டு இருந்த வேலையை விட்டுட்டு, ஒரு வருஷம் ரூமுக்குள்ளயே உக்காந்து, கானா, கர்நாடகம், எலக்ட்ரானிக் எல்லாத்தையும் கலந்து எட்டு பாட்டு பண்ணிட்டா. முதல் ஆல்பம்.

"இது என்ன வகைடி?"ன்னு கேட்டேன்.

"ஆல்டர்னேட்டிவ் பாப். எந்த டப்பாவுலயும் அடங்காதது"ன்னா.

எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்கிற மிச்சம் மீதி எல்லாமே அந்த வகைதான்னு நெனச்சேன். சொல்லல.

அடையாறுல ஒரு சின்ன ஹால் இருக்கு. அதை நடத்துறவர், ஞாயித்துக்கிழமை மேடை தர்றதுக்கு ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். "உங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சூப்பர்னுதான் சொல்லுவாங்க. வெளி ஆளுங்க என்ன சொல்றாங்கன்னு வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள காட்டுங்க." கயலுக்கு இதுதான் முதல் மேடை. அவளே போய்க் கேட்டா மூஞ்சிக்கு நேரா யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க. அதனால என்கிட்ட கொடுத்தா.

"எங்கே வேணா போ. எங்க ஏரியாவுக்கு மட்டும் போகாத, அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். முக்கியமா எட்டாவது பாட்டை அங்க போட்றாத."

"ஏன்?"

"போடாதன்னா போடாத, சுதா."

இங்கே ஒரு உண்மையை ஒத்துக்கணும். நான் அந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்ல.

அவ அனுப்பி மூணு வாரம் ஆச்சு. வந்த அஞ்சாவது நிமிஷம், "மூணாவது பாட்டு கேட்டு அழுதுட்டேன்டி"ன்னு மெசேஜ் போட்டுட்டு சமையலுக்குப் போயிட்டேன். ஏன் மூணாவது? முதல் பாட்டுன்னா, அதோட நிறுத்திட்டேன்னு சந்தேகம் வரும். கடைசிப் பாட்டுன்னா ரொம்ப ஓவரா இருக்கும். மூணாவதுதான் நம்புற மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணு. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். தப்பு கண்டுபிடிக்கிறதுக்குத்தான் எனக்கு சம்பளம். இதை ஞாபகம் வச்சுக்குங்க.

எங்க மேனேஜர் பேசுற ட்ரெய்னிங் ரெக்கார்டிங்கை எல்லாம் விறுவிறுன்னு கேட்டு முடிக்கிறதுக்கு ஒரு ஆப் வச்சிருக்கேன். எட்டு பாட்டையும் அதுலயே ஏத்திக்கிட்டேன். ஒரு குட்டி ஸ்பீக்கர், ஒரு ஹெட்ஃபோன். அடையாறுல ஒரு ஆட்டோவை சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டு ஏறிட்டேன். டிரைவர் பேரு குமார். அவர்தான் முதல் ரசிகர்.

முதல் பாட்டைப் போட்டேன்.

பாலம் தாண்டுறதுக்குள்ள ஆட்டோ பறக்க ஆரம்பிச்சுது. பாட்டு போற வேகத்துக்குத்தான் குமார் அண்ணனும் ஓட்டினார். ஒரு வாட்டர் லாரியை இடது பக்கமா ஒடிச்சு முந்தினப்போ நான் ஸ்பீக்கரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். வண்டி நின்னதும் கேமராவை நீட்டினேன்.

"பாட்டு எப்படிண்ணா?"

"நல்லாதான் கீது மேடம். ஆனா யாரோ தொரத்துற மாதிரி ஓடிக்கினே கீது. அந்தப் பொண்ணு மூச்சு எங்க வுடுது?"

"அது ஆல்டர்னேட்டிவ் பாப்ணா. அப்படித்தான் இருக்கும்."

"ஓ. அப்ப சரி"ன்னார். எவ்வளவு நல்ல மனுஷன்.

அடுத்து மயிலாப்பூர். லஸ் பக்கம் ஒரு பார்க்குல மூணு மாமாக்கள் ஒரே பெஞ்சில உக்காந்திருந்தாங்க. வாக்கிங் ஷூ போட்டிருந்தாங்க, ஆனா நடந்த மாதிரி தெரியல. கேட்ட உடனே ஒத்துக்கிட்டாங்க. ரெண்டாவது பாட்டைப் போட்டேன். மூணு பேரோட கையும் தன்னால தொடைக்குப் போச்சு.

பத்து செகண்டுல முதல் மாமா, "சுபபந்துவராளி"ன்னார்.

"இல்லவே இல்லை. சிந்துபைரவி"ன்னார் ரெண்டாவது மாமா.

மூணாவது மாமா ராகத்துக்கே வரல. தாளத்தைப் பிடிக்கப் போராடிட்டு இருந்தார். தொடையில தட்டு தட்டுன்னு தட்டி, விரலை எண்ணி, நடுவுல விட்டு, மறுபடியும் பிடிச்சு, கடைசியில கையை உதறிட்டார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணுக்கு ட்ரெயினைப் பிடிக்கணுமா? பாடிண்டே ஓடறாளே. கொஞ்சம் நின்னு பாடச் சொல்லேன்."

"மாமா, அது ஆல்டர்னேட்டிவ் பாப்."

"எதுவா வேணா இருக்கட்டும். எனக்குத் தொடை எரியறது."

இதுக்குள்ள மத்த ரெண்டு பேருக்கும் சண்டை முத்திப்போச்சு. "உங்க ஆத்துல ரேடியோ இருந்ததா முதல்ல?"ன்னு ஒருத்தர் கேட்க, இன்னொருத்தர் எழுந்து பக்கத்து பெஞ்சுக்குப் போயிட்டார். முப்பது வருஷ சிநேகிதமாம். என்கிட்ட பதினாலு நிமிஷ வீடியோ இருந்துச்சு. அதுல கயலைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

மூணாவது மாமா சொன்ன அந்த ஒரு வரியை வெட்டி எடுத்துக்கலாம்னு மனசைத் தேத்திக்கிட்டு தி.நகர் போனேன்.

தி.நகர்ல எனக்கு ஒரு ஐடியா இருந்துச்சு. புடவைக் கடைகள்ல பில் போடுற இடத்துக்குப் பக்கத்துல நாற்காலி போட்டிருப்பாங்க. அதுல பைகளுக்கு நடுவுல புருஷன்மார் உக்காந்திருப்பாங்க. எங்கேயும் ஓட முடியாத ரசிகர்கள்.

நாலு பையோட ஒருத்தர் கிடைச்சார். அக்கவுண்டன்டாம்.

"சார், ஆல்பம் முழுசும் கேக்கணும். முப்பத்தாறு நிமிஷம் ஆகும்."

"முப்பத்தாறு மணி நேரம்னாலும் பரவாயில்லம்மா. அவ இப்பத்தான் பட்டுக்கே போயிருக்கா."

கடைக்காரங்க திட்டக் கூடாதுன்னு ஹெட்ஃபோனை அவருக்கு மாட்டிட்டு, நான் வெளியில போய் கரும்பு ஜூஸ் குடிச்சேன். திரும்பி வந்தா ஹெட்ஃபோனைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, வாட்ச்சைப் பாத்துட்டு இருந்தார்.

"என்ன சார், பாதியில நிறுத்திட்டீங்களா?"

"எட்டும் முடிஞ்சுடுச்சும்மா. முப்பத்தாறுன்னு சொன்ன, கரெக்டா இருபத்தி நாலு நிமிஷத்துல முடிஞ்சுது. பன்னெண்டு நிமிஷம் எங்க போச்சு?"

ஒரு டெஸ்டருக்கு இதுக்கு மேல எப்படி எடுத்துச் சொல்றது. முப்பத்தாறு எங்கே, இருபத்தி நாலு எங்கேன்னு உலகத்துல யாருக்கு வேணா மண்டையில மணி அடிச்சிருக்கும். நான் சொன்னேன், "சார், அது ஆல்டர்னேட்டிவ் பாப்."

அவரும் தலையாட்டிட்டு, கேமராவைப் பாத்து சந்தோஷமா பேசினார். "ரொம்ப நல்லா இருந்துச்சு. சட்டுபுட்டுனு ஆரம்பிச்சு சட்டுபுட்டுனு முடிச்சுட்டாங்க. என் வொய்ஃபும் ஒரு தடவை இந்த மாதிரி முடிச்சா, நான் ஆயுசுக்கும் வேற எதுவும் கேக்க மாட்டேன்."

வீடியோவுல இதுக்கு அப்புறம், அவர் தலைக்குப் பின்னாடி ஒரு பச்சைப் பட்டுப்புடவை தெரியும். அதைக் கையில பிடிச்சுட்டு இருந்தது அவர் வொய்ஃப்.

அந்தம்மா எனக்கு எதிர்லயே வீடியோவை அழிக்க வச்சாங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்களுக்குக் காட்டணும்னு தன் நம்பருக்கு ஒரு காப்பியும் அனுப்பச் சொன்னாங்க. சார் என்னைப் பாத்த பார்வையை இப்பவும் மறக்க முடியல.

மணி மூணரை. கையில உருப்படியா ரெண்டே வீடியோ. ஒண்ணுல மூச்சு எங்க விடுதுன்னு கேக்கறாங்க, இன்னொண்ணுல நின்னு பாடச் சொல்றாங்க. ஆட்டோவுல தலையில கையை வச்சு உக்காந்துட்டேன். ஒரு வருஷமா கயல் அந்த ரூமுக்குள்ள கிடந்தது இதுக்கா?

குமார் அண்ணன் கண்ணாடியில பாத்தார். "இன்னா மேடம் டல்லாய்ட்ட? சாந்தோம் வழியா போலாம். லூப் ரோட்டுல மீன் கடை அக்காங்க கீறாங்கோ. கேட்டா நல்லா பேசுவாங்கோ."

அது பட்டினப்பாக்கம், கயலோட ஏரியா. போகாதன்னு அவ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஆனா அஞ்சு மணியும் ஞாபகம் இருந்துச்சு. யார் பாட்டுன்னு சொல்லாம இருந்தா போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.

வரிசையில முதல் கடை மல்லிகா அக்காவோடது. வஞ்சிரம் வெட்டிட்டு இருந்தாங்க. விஷயத்தைச் சொல்லி, முதல் பாட்டைப் போடப் போனேன். கத்தியாலயே தடுத்தாங்க.

"மேல கீற மீனைப் பாத்தா கூடையை வாங்குவ? அடியில கீறதைக் காட்டு. கடைசிப் பாட்டைப் போடு."

கயல் போடாதன்னது அதைத்தான், ஆனா கத்தி அவங்க கையில இருந்துச்சு. எட்டாவதைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் சும்மா கேட்டாங்க. கத்தி நின்னுச்சு. அப்புறம் கத்தியைக் கீழே வச்சுட்டு, முந்தானையை இடுப்புல சொருகிட்டு ரோட்டுக்கு வந்தாங்க. ஆடுனாங்க பாருங்க ஒரு ஆட்டம். பக்கத்துக் கடை அக்கா எட்டிப் பாத்து, "இன்னாடி?"ன்னாங்க. மல்லிகா அக்கா அவங்க காதுல ஏதோ சொன்னாங்க. அந்த அக்காவும் இறங்கிட்டாங்க. அப்புறம் இன்னும் மூணு பேர். குமார் அண்ணனும் ஆட்டோவை ஓரம் கட்டிட்டு வந்துட்டார். நான் ஃப்ரேமை சரி பண்றதுலயே இருந்தேன், பாட்டு வரி ஒண்ணுகூட காதுல விழல.

உடனே கயலுக்கு அனுப்பினேன். "பாருடி, ஹிட்டு!"

ரெண்டு நிமிஷத்துல போன் வந்துச்சு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு.

"மல்லிகா அத்தை எந்தப் பாட்டுக்கு ஆடுது?"

"எட்டாவது."

"அது எங்கம்மா செத்ததுக்கு எழுதின பாட்டு, சுதா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவ விடல.

"அது ஏன் இப்படி ஓடுது? நான் பாடினது இந்த வேகம் இல்லையே. உன் போன்ல என்ன இருக்குன்னு பாரு."

பாத்தேன். ஸ்கிரீன் ஓரத்துல குட்டியா இருந்துச்சு. ஒன்றரை ஸ்பீடு. மேனேஜருக்காக வச்சது. அந்த ஆப்ல குரல் மாறாது, வேகம் மட்டும் கூடும். காலையில இருந்து மெட்ராஸ்ல பாதிப் பேருக்கு என் ஃப்ரெண்டோட ஒரு வருஷ உழைப்பை நான் ட்ரெய்னிங் ரெக்கார்டிங் மாதிரி ஓட்டிக் காட்டியிருக்கேன்.

"அப்ப நீ ஒரு தடவைகூட கேட்டதில்ல"ன்னா. கேள்வியா கேக்கல.

"மூணாவது பாட்டு மட்டும்..."

"மூணாவது உன்னைப் பத்தின பாட்டுடி. கேலிப் பாட்டு. முப்பத்தாறு நிமிஷ ஆல்பம் அனுப்பின அஞ்சாவது நிமிஷம் அழுதுட்டேன்னு மெசேஜ் போட்ட. அன்னைக்கே தெரியும். அங்கயே இரு, வரேன்."

மீன் கடைப் பலகையில உக்காந்தேன். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. மல்லிகா அக்கா மறுபடியும் வஞ்சிரத்துக்குப் போயிருந்தாங்க. அவங்ககிட்ட ஒத்துக்கிட்டேன். "மன்னிச்சிடுங்கக்கா. அது சோகப் பாட்டாம். நான்தான் தப்பா வேகமா போட்டுட்டேன்."

"தெரியும்மா. அம்மா செத்த பாட்டுதானே? நீதான் கேக்கல, நான் கேட்டேன். பாடுறது நம்ம செல்வி பொண்ணு கயலு. கொரலு தெரியாதா எனக்கு? செல்வி கடை இங்கதான் இருந்துச்சு, நீ குந்திக்கினு கீற எடம்."

எழுந்திரிச்சுட்டேன். "தெரிஞ்சுமாக்கா ஆடினீங்க?"

அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "சாவுக்கு ஆடாம வேற இன்னாத்துக்கு ஆடுவாங்க? எங்க ஆளு ஒருத்தரு போனா மேளம் அடிச்சு, பூவு இறைச்சு, ஆடித்தான் அனுப்புவோம். செல்வி போனப்ப லாக்டவுனு. நாலு பேரு மூஞ்சியை மூடிக்கினு தூக்கினு போனாங்கோ. எங்க யாரையும் கிட்ட வுடல. அவளுக்கு யாருமே ஆடலம்மா. இன்னிக்குத்தான் ஆடினோம்."

பின்னாடி கயல் நின்னுட்டு இருந்தா. எப்ப வந்தான்னு தெரியல.

என்னைத் திட்டுவான்னு எதிர்பார்த்தேன். திட்டல. போனைப் பிடுங்கி, வேகத்தைச் சரி பண்ணி, தான் பாடின மாதிரியே எட்டாவது பாட்டைப் போட்டா. எல்லாரும் அமைதியா நின்னு கேட்டாங்க. அப்பதான் நானும் முதல் தடவையா கேட்டேன். ரொம்ப அழகா இருந்துச்சு. மூணு வாரம் இதைக் கேக்காம என்னத்தைச் சமைச்சேன்னு இருந்துச்சு.

முடிஞ்சதும் மல்லிகா அக்கா மூக்கைச் சிந்திட்டு சொன்னாங்க, "நல்லாதான் கீது கயலு. ஆனா இந்தப் பொண்ணு போட்டுச்சே, அத்தப் போடு."

கயல் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா. அப்புறம் ஒன்றரைக்கு மாத்திட்டு, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு அவங்களோட ஆடினா.

அஞ்சு மணிக்கு அந்த வீடியோவைத்தான் ஹாலுக்கு அனுப்பினோம். "ஞாயித்துக்கிழமை வாங்க. அந்த மீன் மார்க்கெட் பாட்டு கண்டிப்பா வேணும்"னு பதில் வந்துச்சு. மேடையில எட்டாவது பாட்டை ரெண்டு தடவை பாடினா, ஒரு தடவை மெதுவா, ஒரு தடவை ஒன்றரையில. முன் வரிசை முழுக்க மல்லிகா அக்கா செட்டு. ரெண்டாவது தடவைக்கு ஒருத்தரும் உக்காரல.

மறுநாள் ஆபீஸ் போற வழியில, வேளச்சேரி ட்ரெயின்ல, மூணாவது பாட்டைக் கேட்டேன். ஒழுங்கான வேகத்துல. "அஞ்சு நிமிஷத்துல வரேன்"னு சொல்லிட்டு வராத ஒரு ஃப்ரெண்டு. எது கேட்டாலும் சூப்பர்னு சொல்றவ. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ மட்டும் தினமும் கூப்பிட்டு, ஒண்ணும் பேசத் தெரியாம, சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டவ.

அழுதுட்டேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனைக்கூட விட்டுட்டேன். உடனே கயலுக்கு மெசேஜ் போட்டேன், "மூணாவது பாட்டு கேட்டு அழுதுட்டேன்டி."

அவ நம்பல.