கம்போடியாத் துடைப்பம்

மதிப்பிற்குரிய சுபத்ரா அக்காவுக்கு,

கீழ்க்கட்டளை ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்க்கும் கிருபா வணக்கத்துடன் எழுதுவது. நானும் கடைச் சாமான்களும் நலம். உங்கள் நலத்தையும் உங்கள் ஆராய்ச்சியின் நலத்தையும் வேண்டுகிறேன்.

ஆராய்ச்சிப் படிவத்தில் எழுதும்போது உங்கள் நாக்கு நுனி ஓரமாக எட்டிப் பார்க்கும். முதல் நாள் அதைத்தான் முதலில் கவனித்தேன். ஆசிய நாடுகள் ஒப்பந்தம் போட்டு வரியைக் குறைத்ததால் எங்களைப் போன்ற சின்னக் கடைகளில் எது மலிவானது என்று கேட்டு, தலை கிளிப்பைக் காட்டி, "இது எந்த நாட்டு சரக்கும்மா?" என்றீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? சரக்கு வந்ததும் நாட்டுப் பெயர் ஸ்டிக்கரைப் படிக்காமலே சுரண்டிவிட்டு, அதே இடத்தில் விலை ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் என் வேலை. "எந்த நாடா இருந்தா இன்னா, வாங்கறவங்களுக்கு வெல தெரிஞ்சா போதும்" என்பார் முதலாளி அசரியா அண்ணன்.

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வியட்நாம் என்றேன். நான் சொன்ன எதையும் அதுவரை யாரும் எழுதிக்கொண்டதில்லை அக்கா. அப்புறம் சீப்புக்குத் தாய்லாந்து, சோப்பு டப்பாவுக்கு மலேசியா என்று வாய் தானாகப் போனது. சொல்லச் சொல்ல, கடைக்குப் பின்னால் கடல் இருப்பது போலவும், கிளிப்பெல்லாம் படகில் தூங்கி வழிந்தபடி வருவது போலவும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வரும் பறவைகள் வரி கட்டாமல் முன்னால் பறந்து வழி காட்டுவது போலவும் இருந்தது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஆசியா வரைபடத்தில் பாதிதான் கலர் அடித்திருந்தேன். மீதியை உங்கள் படிவத்தில் அடித்துவிட்டேன்.

துடைப்பத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கம்போடியா என்றதும் துள்ளினீர்கள். "தொடப்பம் கூடவா! எங்க கைடுக்கே இது தெரியாது கிருபா. வெள்ளிக்கிழமை கருத்தரங்குல இதைத்தான் முதல்ல சொல்லப்போறேன்!"

சொல்லாதீங்கக்கா. அந்தத் துடைப்பத்தை மேடவாக்கத்தில் செய்யும் தாயாரம்மாள் தன் ஸ்கூட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு வருகிறார். அத்தனை பெரிய மனுஷங்க நடுவுல யாராவது உங்களைப் பார்த்துச் சிரிச்சா எனக்குத் தாங்காது. நான் சொன்ன நாடு எல்லாத்தையும் அடிச்சிடுங்க. இனிமேல் தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன்.

ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்து, உங்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் வந்து உட்காரட்டும்.

அன்புள்ள,
கிருபா

பி.கு.: நீங்கள் டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போன நேரத்தில் இதைச் சேர்க்கிறேன். சற்று முன் நீங்கள் மறுபடி கடைக்கு வந்ததும், கடிதத்தைக் கையில் கொடுக்கத்தான் எழுந்து வந்தேன். "குடை புதுசா வந்திருக்கே, எந்த நாடு?" என்று பேனாவைத் திறந்தீர்கள். லாவோஸ் என்று சொல்லிவிட்டேன்.