கைகட்டி அண்ணனும் மூன்றாவது சர்வரும்

எதையுமே தொடாமல் மாதாமாதம் சம்பளம் வாங்கிய ஒரே கம்ப்யூட்டர்காரர் இந்த மாவட்டத்தில், ஏன், இந்தப் பூமியிலேயே எங்கள் கைகட்டி அண்ணன்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடை மாடியில் இருக்கிறது எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ். எது பழுதானாலும் அவர் முதலில் சொல்வது, "யாரும் தொடாதீங்க. கையைக் கட்டிக்கினு பாருங்க." உடனே மற்ற ஆறு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கைகட்டி உட்கார வேண்டும். சென்னையில் ஐந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒருமுறை எங்களிடம் வேலை கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர், ஆறு பேரும் கைகட்டி மௌனமாக இருப்பதைக் கண்டு, "பிரார்த்தனை நடக்குதா? அப்பறம் வரேங்க" என்று போனவர்தான். களமருதூரிலிருந்து வரும் அண்ணனுடைய பைக் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றுபோனபோதும் இதே கூத்து. உதைத்துப் பார்க்காமல் பக்கத்தில் கைகட்டி நின்றாராம். பின்னால் ஹாரன் அடித்த பஸ் டிரைவரிடம், "ஒதைச்சா ஓடிப்பூடுங்க. அப்பறம் இன்னா கெட்டுச்சுன்னு யாரைக் கேக்கறது?" என்று நியாயம் வேறு பேசியிருக்கிறார்.

எங்களுக்குச் சோறு போட்டது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். கல்வராயன் மலையில் எடுக்கிற ரத்தத்தின் ரிசல்ட் அங்கேயே செல்போனில் தெரியும்படி செய்வது எங்கள் வேலை. அந்த சாஃப்ட்வேர் கன்டெய்னர் என்கிற சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்து மூன்று சர்வர்களில் குடியிருக்கிறது. எது எதோடு பேசலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலோடு ஒவ்வொரு சர்வரிலும் ஒரு காவல் புரோகிராம் வாசலில் நிற்கும். திடீரென்று ஒருநாள், ரிசல்ட் காட்டும் கன்டெய்னர் ரிசல்ட் இருக்கும் இடத்துக்குப் போகும்போது வழிமறிக்கப்பட்டது. ஒரு சமயம் விடும், ஒரு சமயம் விடாது.

"அக்கா, பேஷன்ட்டுங்க குந்திக்கினு இருக்காங்க. ரிசல்ட் வரலக்கா" என்று மலைமேல் இருக்கும் கரியாலூர் சென்டர் பெண் போன் செய்வாள். நான் ஓசைப்படாமல் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்வேன். கொஞ்ச நேரத்தில் ரிசல்ட் வந்துவிடும். ஜெயித்த மிதப்பில் டீ குடிக்கப் போவேன். மறுநாள் மறுபடி அதே போன்.

பரிசோதனை நிலையம் சனிக்கிழமை வரை கெடு வைத்தது. எங்கள் முதலாளி கத்தினார்: "கேக்காம இதுல கை வெச்சது யாருன்னு தெரிஞ்சாவணும். வெச்சவங்க மறுபடி சென்னைக்கே பொழைக்கப் போகலாம்." அப்போதுதான் சங்கராபுரத்தில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தேன். மறுபடி ஹாஸ்டல், மாதத்துக்கு இரண்டு தடவை பிள்ளை முகம் பார்க்கிற பிழைப்பு. மற்றவர்களோடு சேர்ந்து நானும் யாராக இருக்கும் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கரியாலூரிலிருந்து போன் வந்ததும் அண்ணன் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"நீயும் கையைக் கட்டிக்கினு இரும்மா. எதையும் அமுக்காத" என்றார் அந்தப் பெண்ணிடம்.

"போனை எப்படிண்ணே புடிக்கறது?"

"ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை."

மலையில் நோயாளிகள் காத்துக்கிடக்க, இந்த மனுஷனுக்கு விளையாட்டா? எனக்கு ரத்தம் கொதித்தது. "ஒரு ரீஸ்டார்ட் பண்ணா முடிஞ்சுதுண்ணே" என்று சொல்லியே விட்டேன். அவர் போனை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். முக்கால் நிமிஷம் போயிருக்கும். "அண்ணே, வந்துடுச்சு" என்றாள் அந்தப் பெண். யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை.

"தானா சரியாவுதுன்னா, காவலு புதுசா பொறந்ததத்தான் கொஞ்ச நேரம் வெளிய நிக்க வெக்குது" என்றார் அண்ணன்.

விஷயம் அதுதான். ஒவ்வொரு புது கன்டெய்னருக்கும் ஒரு புது முகவரி. அந்த முகவரி சேர்ந்த புதுப் பட்டியலை இரண்டு சர்வர்கள் உடனே வாங்கிக்கொண்டன. மூன்றாவதில் இருந்த காவலுக்கு மெமரி கம்மி, ஒரு நிமிஷம் திணறியது. அதற்குள் வந்து நின்றவரையெல்லாம் யாரோ என்று விரட்டியது. காலைக் கூட்டத்தைச் சமாளிக்கத் தானாக முளைத்த கன்டெய்னர்கள் கொஞ்சம். ரீஸ்டார்ட் செய்தால் பழையது போய்ப் புதியது பிறக்கும்; மிச்சமெல்லாம் அப்படி நான் பெற்றுப் போட்டவை. யார் எப்போது எதில் கை வைத்தார்கள் என்று சர்வரே எழுதி வைக்கும் பதிவேட்டைத் திறக்கச் சொன்னார். பதினொரு ரீஸ்டார்ட், பதினொன்றிலும் என் பெயர். பார்த்துவிட்டு மூடச் சொன்னார். அந்தக் காவலுக்கு மெமரியைக் கூட்டி, பட்டியல் வந்து சேரும்வரை புது கன்டெய்னருக்கு வேலை தராதபடி மாற்றினோம்; அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டினேன். மதியத்துக்குள் சரியாகிவிட்டது.

முதலாளி வந்தார். "இதுல கை வெச்சது யாருன்னு தெரிஞ்சுதா?"

"நாந்தாங்க" என்றார் கைகட்டி அண்ணன்.

மவுஸைக்கூடப் பேனா முனையால் நகர்த்துகிற ஆள் சொன்ன இந்தப் பொய்யை ஆபீஸில் ஒருவர்கூட நம்பவில்லை. முதலாளியும்தான். ஆனால் இவரை அனுப்பினால் ஆபீஸுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அரைமணி நேரம் திட்டிவிட்டுப் போனார். அத்தனையையும் அண்ணன் நின்று வாங்கிக்கொண்டார்.

எனக்கு அவமானத்தில் ஆத்திரம்தான் வந்தது. படிக்கட்டில் மறித்தேன். "உங்களை யாருண்ணே கேட்டது? நானே சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருக்க மாட்ட. பாப்பா வூட்டுக்கு வர்ற நேரம், சங்கராபுரம் பஸ்ஸு போயிடப் போவுது. கெளம்பு."

போன வருஷம் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போவதற்கு முதல் நாள்தான் சொன்னார், அந்தக் கோபம் வேறு. நேற்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத் திட்டிவிடுவது என்று போன் போட்டேன். "இன்னாம்மா?" என்றார். "சாப்டீங்களாண்ணே?" என்றுதான் கேட்க வந்தது.