லாவெண்டர்தான், ஊதா இல்லை!

பெயின்ட் கடையில் சும்மா கொடுக்கும் கலர் கார்டை நம்பி ஒரு மனிதன் தன் கல்யாணத்தைப் பணயம் வைக்கலாமா? நான் வைத்தேன். அந்தக் கார்டில் ஒவ்வொரு நிறமும் பெருவிரல் நகமளவுதான். நகமளவு பார்த்துவிட்டு நாலு சுவருக்கும் முடிவெடு என்கிறார்கள்! பதின்மூன்று வருடமாகிறது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். வெள்ளவத்தை ஷர்மினியை எனக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது (ஏன் என்று இன்றுவரை அவளால் விளக்க முடியவில்லை). அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "முதல்ல பெடியன்ர வீட்டை ஒருக்கா பாப்பம்" என்று மட்டும் சொன்னாராம். வருகிற ஞாயிறு பூசை முடிய, சொந்தபந்தம் பத்துப் பேரோடு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் செய்தி வந்தது. வீடு பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் கனடா மாப்பிள்ளை ஒருவன் தயாராக இருந்தான்.

எங்கள் ஹோலைப் பார்த்தேன். சோபாவுக்குப் பின்னால், டாடி தலை சாய்த்துச் சாய்த்துச் சுவரில் ஒரு எண்ணெய் வட்டம். இதைக் காட்டி எப்படிப் பெண் கேட்பது? உடனே ஷர்மினிக்கு போன் எடுத்தேன்.

"உமக்கு என்ன கலர் விருப்பம்?"

"லாவெண்டர்."

"ஏன் எதற்கு என்று கேட்கமாட்டீரா?"

"எனக்கு விளங்கும்தானே," என்று வெட்கப்பட்டாள். என்ன புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

கலர் கார்டில் லாவெண்டர் என்று போட்ட கட்டத்தையே எடுத்தேன். பெயின்ட் அடிக்க வந்தவர் விமலசேன பாஸ் (கைவேலைக்காரர் எல்லோரும் எங்களுக்கு பாஸ்தான்). ஒரு தரம் அடித்ததும் சுவர் சின்னப் பிள்ளையின் கவுன்போல மெல்லிசாக, அழகாக இருந்தது. பாஸ் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"எத்தி மஹத்தயா. தவ கேவொத் தத வெனவா." போதும், இன்னும் அடித்தால் கடும் நிறமாகிவிடும் என்று சிங்களத்தில் சொன்னார்.

முப்பது வருடம் சுவரோடு வாழ்ந்த மனிதர் சொல்கிறார். ஒரு சுவருக்கும் பெயின்ட் அடித்திராத நான் என்ன சொன்னேன்? "மம தன்னவா பாஸ்" என்றேன். எனக்குத் தெரியுமாம்! ஒரு மண்ணும் தெரியாது. இன்னும் இரண்டு தரம் அடிக்க வைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் பெயின்ட் காய்ந்தது. நாலு சுவரும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து இருண்டுபோயின. மம்மி குசினியிலிருந்து வந்தவ, வாசலிலேயே நின்றுவிட்டா.

"அடேய், என்ன கலர்டா இது?"

"லாவெண்டர் மம்மி."

"லாவெண்டரா? தவக்காலத்துல ஃபாதர் போடுற அங்கிடா இது!"

"அது ஊதா. இது லாவெண்டர்."

"நாளைக்குப் பொண்ணு வீட்டு ஆக்கள் வந்து சொல்லுவாங்க, எதுன்னு."

மாற்றியடிக்க நேரமில்லை. கொஞ்சம் வெளிச்சமாவது வரட்டும் என்று மம்மி வெள்ளைத் திரைச்சீலை போட்டா. மேசைக்கு வெள்ளை விரிப்பு. இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு இரண்டு பக்கமும் மெழுகுதிரி, ஒரு சாடியில் வெள்ளைப் பூ. வருகிறவர்களுக்குக் கதிரை போதாதென்று நான் வெள்ளை பிளாஸ்டிக் கதிரைகள் வாடகைக்கு எடுத்து, சுவரோரமாக வரிசையாகப் போட்டேன். தனித்தனியாகப் பாருங்கள், இதில் என்ன பிழை? எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்தது!

ஞாயிற்றுக்கிழமை வான் வந்து நின்றது. சிரித்துக் கதைத்துக்கொண்டு இறங்கியவர்கள் வாசலில் திடீரென்று அமைதியானார்கள். ஷர்மினியின் அம்மா படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய் உட்கார்ந்தா. மற்றவர்கள் சுவரோரக் கதிரைகளில் கைகட்டி இருந்தார்கள். கதைத்ததெல்லாம் குசுகுசுவென்றுதான். (என்ன மரியாதையான குடும்பம் என்று நான் பூரித்துப்போனேன். மடையன்!)

மம்மி கேக்கும் பெட்டிஸும் கொண்டுவந்தா. ஒருவரும் தொடவில்லை. "பிளேன்டி மட்டும் போதும்" என்று பாலில்லாத வெறும் தேத்தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்கள். வாத்தியார் என் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டார்:

"அப்பாவுக்கு எத்தினை வயசு?"

"அறுபத்தெட்டு அங்கிள்."

"ம்… அறுபத்தெட்டு," என்று பெருமூச்சு விட்டார். டாடி அவருக்கு நேரெதிரே உட்கார்ந்து பெட்டிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அரை மணித்தியாலம் கழிந்தது. ஒவ்வொருவராக எழும்பினார்கள். மம்மியின் கையைப் பிடித்து அழுத்தினார்கள். வாசலைத் தாண்டி, வானில் ஏறி, போய்விட்டார்கள். ஒருவர்கூட "போயிட்டு வாறம்" என்று சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் அடுத்த வீட்டுக்குத் தேங்காய் கேட்கப் போனாலும் அந்தச் சொல்லைச் சொல்லாமல் வரமாட்டார்கள். மம்மி கொதித்துப்போனா.

"பொண்ணு தர இஷ்டமில்லாட்டி வாயால சொல்லணும்! சொல்லாம கொள்ளாம எறங்கிப் போறதா? நம்ம என்ன அவ்வளவு கேவலமா?"

நானும் வெள்ளவத்தைத் திமிர் என்று திட்டினேன். அன்றிரவும் அடுத்த நாளும் ஷர்மினி எடுத்த போன் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. கனடாக்காரனையே கட்டட்டும் என்று வீறாப்பாக இருந்தேன். உள்ளுக்குள் அழுகைதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் நேராக ஒபிசுக்கே வந்துவிட்டாள்.

"ஏன் போன் எடுக்கேல்லை? அப்பா ஓமெண்டு சொல்லிப்போட்டார்! உங்கட பக்கத்தில ஒரு மறுமொழியும் இல்லையெண்டு கோவத்தில இருக்கிறார்!"

"ஓமென்றாரா? ஒரு 'போயிட்டு வாறம்'கூட சொல்லாமல் போன ஆக்களா ஓமென்றது?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஒபிஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"செத்த வீட்டிலயிருந்து வெளிக்கிடேக்க ஆராவது 'போயிட்டு வாறம்' எண்டு சொல்லுவினமே? அந்த ஊதாச் சுவருக்கும் மெழுகுதிரிக்கும் நடுவில இருந்து எங்களில ஒருத்தருக்கும் அந்தச் சொல்லு வாயில வரேல்லை. வான் வெளிக்கிட்டாப் பிறகுதான் அம்மா கேட்டவ, 'பிள்ளை, ஆர் செத்தது?' எண்டு. அப்பா வீட்ட வந்து முதல் வேலையா முழுகினவர்!"

"லாவெண்டர் என்று நீர்தானே சொன்னீர்?" என்று கத்தினேன்.

"நான் நீங்கள் சாறி வாங்கித்தரப் போறீங்கள் எண்டெல்லோ நினைச்சன்!"

கல்யாணம் நடந்தது. நடந்த நாள் தொட்டு, பிறந்தநாளோ ஞானஸ்நானமோ, வாத்தியார் மாமாவின் கையில் ஒரு கிளாஸ் வந்தால் போதும். "செத்த வீட்டுக்குப் போய்ப் பொம்பிளை குடுத்திட்டு வந்த ஒரே ஆள் நான்தான்" என்று தொடங்கிவிடுவார். எத்தனை தரம் கேட்டாலும் முதல் தரம் கேட்பதுபோலச் சிரிக்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

இப்போது நாங்கள் தெஹிவளையில் இருக்கிறோம். போன மாதம் பிளாட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். அடித்தோம் என்றால் ஷர்மினி நிறம் பார்த்தாள், நான் அலுமாரி நகர்த்தினேன். மாமா வந்து வழமைபோல் கதையைச் சொல்லி முடித்தார். எட்டு வயது மகள் கவலையோடு என்னிடம் வந்தாள்.

"டாடி, அண்டைக்கு அப்பம்மா வீட்டுல உண்மையா யார் செத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள், சுவரைப் பார்த்தபடியே ஷர்மினி சொன்னாள்:

"உங்கட டாடியின்ர அதிகாரம், மகள்."