பல் நடவு

அறுபத்தாறாம் வருஷம் புரட்டாசியில் சிதம்பரத்துக்கு வந்த பஸ்களில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டே இறங்கினார்கள். எல்லாம் தந்தானந்த சுவாமிகளால் வந்த வினை. பல் போன இடத்தில் புதுப் பல்லை நட்டு வேர்விட வைக்கிறாராம். விடுவார்களா? புவனகிரியிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் ஜனம் திரண்டது. அவர் தங்கியிருந்த ஓட்டு வீட்டு வாசலில் தினம் பொக்கை வாய்களின் மாநாடு. மந்திரம் சொல்லிப் பல்லை ஊன்றுவார். அப்புறம் நாற்பத்தெட்டு நாள் கஞ்சிதான். கடிக்கக் கூடாது, கையால் தொடவும் கூடாது.

“நட்ட வயல்ல ஆளு எறங்குவாங்களா? அப்பிடித்தான் இதுவும்” என்பார். விவசாயம் தெரிந்த ஜனம் பரவசமாகத் தலையாட்டும்.

அந்தக் கூட்டத்தில் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் சிங்காரம். கடலூரில் மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டம் என்றால் அவர் பேசாமல் முடியாது. போன மாதம் சாமியார்களைத் தாக்கி ஆவேசமாக எகிறியபோது மைக்கில் மோதி முன்பல் இரண்டும் போயின. வருகிற ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் பெரிய கூட்டம், தலைப்பு ‘ஏமாறாதே’. பல்லில்லாமல் பேசினால் சொல்லுக்கு முன்னால் காற்று வருகிறது. ஊர் சிரித்தால் மானம் போய்விடுமே! அந்த மானத்தைக் காப்பாற்றத்தான் கறுப்புச் சட்டையை வீட்டில் மாட்டிவிட்டு, எட்டு நாளைக்கு முன்பு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார்.

சுவாமிகள் ஆளை எடை போடுவதில் கெட்டிக்காரர். அன்று சிங்காரத்தின் காதோரம் குனிந்தார்.

“ஒங்களுக்கு மந்திரமெல்லாம் வேணாம் சார். படிச்சவரு நீங்க. இது சயின்ஸ். வெளிநாட்டுல எலும்புலயே பல்ல ஊனுறாங்க.”

மந்திரம் என்றிருந்தால் சிங்காரம் அங்கேயே மேடை போட்டு விளாசியிருப்பார். சயின்ஸ் என்றதும் வாயைத் திறந்துவிட்டார்.

இன்று நட்ட பல்லுக்குத் தீர்த்தம் விடும் நாள். பக்கத்தில் விருத்தாம்பாள் உட்கார்ந்திருந்தாள். காட்டுமன்னார்கோயில் பக்கம் நடவு வேலை செய்பவள். பல் நடக் காணிக்கையாகக் கொடுக்க, காதுத் தோட்டைக் கழற்றி மடியில் முடிந்திருந்தாள்.

“நட்டு எத்தினி நாளாச்சுங்கய்யா?”

“எட்டு.”

“எட்டு நாளா? அப்ப பச்ச புடிச்சிருக்கணுமே. இழுத்துப் பாத்தீங்களா?”

“தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா.”

“இது என்னா கூத்து! நாத்த இழுத்துப் பாத்தாத்தான தெரியும்? வரலன்னா வேர் உட்டிருக்கு. நான் பாக்கட்டா? பாத்துட்டே தோட்டக் குடுக்கறேன்.”

சிங்காரம் நாக்கால் பல்லைத் தடவினார். எட்டு நாளாகப் பல்லுக்குப் பின்னால் நாக்கில் ஒரு நூல் தட்டுப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அது ஏதோ வெளிநாட்டு நரம்பு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தார். ஊர் ஊராகக் கேள்வி கேட்கச் சொன்னவருக்கு எட்டு நாளாகத் தோன்றாத கேள்வி, கைநாட்டு வைக்கும் இந்த அம்மாளுக்கு உட்கார்ந்த மாத்திரத்தில் தோன்றிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் இருந்தால் தன் மானம் தப்பும், அவள் தோடு போகும்.

துண்டை எடுத்தார். கூட்டத்தின் நடுவே போய் நின்றார்.

“இழும்மா. எல்லாரும் பாக்கட்டும்.”

“தொடாதீங்க! தெய்வ குத்தமாயிடும்!” என்று சுவாமிகள் பாய்ந்தார். நடவுக்காரியின் விரல் அவரைவிட வேகம். பல் இரண்டும் நூலும் மெழுகுமாகக் கையோடு வந்தன.

“வேரையே காணுமே சாமி!”

“அவரு நம்பிக்க இல்லாத ஆளு. அதான் புடிக்கல.”

“ஒன்ன நம்பித்தானேய்யா எட்டு நாளு கஞ்சி குடிச்சேன்!” என்று கத்தினார் சிங்காரம்.

அதற்குள் ஆளாளுக்குத் தங்கள் பல்லை இழுத்துப் பார்த்தார்கள். அத்தனையும் சங்கைத் தேய்த்துச் செய்த துண்டுகள். கொல்லைப்பக்கம் நழுவிய சுவாமிகளை வேலியிலேயே மடக்கினார்கள். போலீஸ் வந்ததால் அவருடைய சொந்தப் பல் தப்பியது. விருத்தாம்பாள் தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சிங்காரம் ஓட்டை வாயோடு மேடையேறினார். ‘ஏமாறாதே’ என்று காற்றோடு ஆரம்பித்ததும் முன்வரிசை கொல்லென்று சிரித்தது.

“நல்லா சிரிங்க. ஏமாறாதேன்னு சொல்ல வந்தவன் ஏமாந்துட்டு வந்து நிக்கிறேன். சாமின்னு சொன்னா சந்தேகப்பட்டேன், சயின்ஸ்னு சொன்னதும் கும்புட்டுட்டேன். இனிமே எவன் எதச் சொன்னாலும் இழுத்துப் பாருங்க. மேடையில நின்னு நான் சொல்றேனே, மொதல்ல இந்தப் பேச்ச இழுத்துப் பாருங்க!”