கடைசி வரி வரைக்கும்

"இடது கண்ணை மூடியாச்சு. இப்போ வலது கண்ணால படிங்கப்பா."

"ப. ட, ம. ர, க, ச..." அப்பா வாய்ப்பாடு ஒப்பிப்பது போல மூச்சு விடாமல் கடைசி வரி வரைக்கும் போனார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இடது கண்ணை அவள் கரண்டியால் மூடியிருந்தாள். வலது கண்ணை அவரே உள்ளங்கையால் பொத்தியிருந்தார்.

"அப்பா! எந்தக் கண்ணால படிச்சீங்க?"

"அதெல்லாம் எதுக்கு? சரியாப் படிச்சேனா இல்லையா, டாக்டரம்மா?"

மறுநாள் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. கண் பரிசோதனை உதவியாளர் பயிற்சி, மாலை வகுப்பு, ஆறு மாதம். ஆளுக்கொருவரை அழைத்துப் போய்ப் பார்வையைச் சோதித்துக் குறித்துக் காட்ட வேண்டும். தேறினால் திங்கட்கிழமையே மருத்துவமனையில் வேலை. தவறினால் இன்னும் ஆறு மாதம்.

வகுப்பில் கொடுத்த எழுத்துப் பலகையின் நகலை அவள் வாசல் கதவில் மாட்டியிருந்தாள். சமையலறைச் சுவரிலிருந்து அங்கே சரியாக ஆறு மீட்டர்; அப்பாவின் தையல் டேப்பால் நான்கு முறை அளந்துவிட்டாள். மூன்று வாரமாக எழுத்துகளை உரக்கச் சொல்லி மனப்பாடமும் செய்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அப்பாவும் சும்மா இருக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

அவர் கண்ணைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே சந்தேகம். முந்தின நாள்தான், ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க" என்றிருந்தார்.

"சரி, கடைசி எழுத்திலேருந்து தலைகீழாப் படிங்க."

அப்பா திணறினார். அவளுக்கு ஒரே உற்சாகம். ஆனால் இரண்டு சட்டைக்குக் காஜா எடுத்து முடிப்பதற்குள் தலைகீழாகவும் உருப்போட்டுவிட்டார்.

அவள் புதிதாக ஒரு பலகை எழுதினாள். எழுதும்போது ஒவ்வோர் எழுத்தையும் முணுமுணுக்கும் பழக்கம் அவளை விடவில்லை. மாட்டி முடித்ததும் அப்பா ஒப்பித்தார்.

"அம்மா, நீ குச்சியால நடு நடுவுல தொட்டுக் காட்டு," என்று அவள் சமையலறையிலிருந்த அம்மாவை அழைத்தாள்.

அம்மா தொட்டாள். அப்பா ஒன்றுகூடத் தவறவில்லை. அவள் திரும்பிப் பார்த்தால், குச்சியை வைக்கும் ஒவ்வொரு தடவையும் அம்மா எழுத்தைச் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்றே?"

"எனக்கும் படிக்கத் தெரியும்னு உங்கப்பாவுக்குத் தெரிய வேண்டாமா?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, உங்களுக்குப் பரீட்சை இல்லை. எனக்குத்தான். கண்ணுக்குத் தெரியறதை மட்டும் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

அவள் குரல் உடைந்ததும் அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "சத்தியமாச் சொல்றேன். எல்லாத்தையும் மறந்துடறேன், போதுமா?"

மறுநாள் அப்பாவோடு போனபோது, தேர்வு அறை வாசலில், ஈரத்துணியும் வாளியுமாக வெளியே வந்த ஆயா மேல் அவள் மோதிக்கொண்டாள். தேர்வு எழுதுவோரில் முதல் ஆள் அவள்தான். நோட்டில் ஆசிரியர் அடிக்கோடு போட வைத்த ஏழாம் விதியை மறுபடி சொல்லிக்கொண்டாள்: 'பலகையைப் பார்க்காதே. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார். கண்ணைச் சுருக்குகிறாரா, விரலிடுக்கில் எட்டிப் பார்க்கிறாரா என்று கவனி.'

ஆசிரியர் எதிர்ச்சுவரில் பலகைக்கான விளக்குக்குக் கீழே மேஜை போட்டு, சுவருக்கு முதுகு காட்டி இவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருடமாக அதே எழுத்துகளை நடத்துகிறவர்.

"ஆரம்பிக்கலாம்மா."

அவள் விளக்கின் சுவிட்சைப் போட்டாள். அப்பாவின் இடது கண்ணை மூடினாள். அவர் முகத்தை விட்டு அவள் பார்வை அகலவில்லை.

அப்பா நேராகச் சுவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ப," என்றார் அப்பா.

"சரி," என்றார் ஆசிரியர்.

"ட, ம."

"சரி."

கண்ணைச் சுருக்கவில்லை. எட்டிப் பார்க்கவில்லை. கடைசி வரி வரைக்கும் போனார். அடுத்த கண்ணுக்கும் அதே கதை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அநியாயமாக அப்பாவைச் சந்தேகப்பட்டோமே! இரண்டு கண்ணும் முழுப் பார்வை என்று கொட்டை எழுத்தில் குறித்தாள்.

ஆசிரியர் எழுந்து வந்து கை கொடுத்தார். "ஒரு தடவைகூடப் பலகைப் பக்கம் திரும்பலையே நீ! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு சோதனையை நான் பார்த்ததில்லை. நூத்துக்கு நூறு! சார், உங்க கண்ணு வைரம்."

"எல்லாம் பொண்ணு கைராசி," என்றார் அப்பா அடக்கமாக.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஆயா உள்ளே வந்தாள். அவள் கக்கத்தில் பெரிய பலகை ஒன்று இருந்தது.

"சார், கழுவின எழுத்துப் பலகை இப்பத்தான் காஞ்சுது. பரீட்சை ஆரம்பிக்கறதுக்குள்ள மாட்டிடட்டுமா?"