லென்ஸ் கழலாததால் முன்னால் நின்றேன்

திருப்பூர்,
கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள்

அன்புள்ள தம்பி தரணீதரனுக்கு,

அக்கா விஜயகுமாரி எழுதுவது. முட்டியைத் தவிர நான் நலம். அவிநாசியில் நீங்கள் எல்லோரும் நலமென்று நம்புகிறேன். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் ஃபோனில் நீ குறுக்கே பேசுவாய்.

உன் மகள் சத்யப்பிரியாவுக்குத் தாலி கட்டும் நேரத்தில், நீ எனக்கென்று தூணோரம் போட்டு வைத்த நாற்காலியில் உட்காராமல் நான் மணவறைக்கு மூன்றடி தூரத்தில் நின்றதில் உனக்கு வருத்தமாம். குற்றம் முழுக்க என் புதுக் கேமராவுடையது. "படம் எடுங்கக்கா, ஆனா தாலி கட்டறப்ப முன்னால வர வேண்டாமுங்க, முத்தாத்தா அத்தை எதாச்சும் சொல்லும்" என்று, தூரத்து முகத்தைக் கிட்டே காட்டும் நீள லென்ஸ் ஒன்றையும் வாங்கி அனுப்பினாயே, அந்த நல்ல மனசை மறக்கவில்லை. என் வீட்டுக்காரர் தவறிப்போன இந்த எட்டு வருஷத்தில் பதினோரு கல்யாணத்தைத் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாவது தூணுக்கும் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் நீள லென்ஸை மாட்ட முதலில் கேமராவோடு வந்த குட்டை லென்ஸைக் கழற்ற வேண்டும். நான் கான்வென்ட்டில் படித்தவள், புத்தகத்தைப் படிக்காமல் எந்தக் கருவியையும் தொட மாட்டேன். அதில் சொன்னபடி பட்டனை அழுத்தித் திருகினேன், அசையவில்லை. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுத் திருகினேன், கையுறைதான் கழன்றது. பனியன் துணியைச் சுற்றித் திருகினேன், கேமராவோடு சேர்ந்து நானும் திரும்பினேன். கடைக்கு ஃபோன் போட்டால், "லென்ஸ் மாட்டற மவுண்ட் புதுசுல அப்படித்தானுங்க மேடம், போகப்போகப் பழகிக்கும்" என்று, ஏதோ மருமகளைப் பற்றிக் கேட்டதுபோல பதில் சொல்கிறார்கள். கடைசியில் உன் பனியன் கம்பெனி ஃபிட்டர் வேலுமணியை வரவழைத்தேன். நிட்டிங் மெஷினையே பிரித்துப் போடுகிற ஆள், "எண்ணெய் ஒரு சொட்டு உடலாமுங்களா?" என்றான். விட்டால் அவனைத் தொலைத்துவிடுவேன் என்றேன். அந்தக் கதையை மேலும் நீட்டவில்லை.

ஆக, குட்டை லென்ஸோடு மண்டபத்துக்கு வந்தேன். அதை வைத்துத் தூணோரத்திலிருந்து எடுத்தால் மாப்பிள்ளை புளியங்கொட்டை அளவுதான் இருப்பார். வேறு வழி? கிட்டே போனேன். முத்தாத்தா அத்தை உடனே வந்துவிட்டது.

"ஏனம்மிணி, இந்நேரத்துல நீ இங்க நிக்கலாமா? பின்னால போ."

"லென்ஸ் கழல மாட்டீங்குதுங்க அத்தை."

"கழலாட்டி?"

"கிட்ட நின்னுதான் எடுக்கோணுமுங்க. நீங்க கொஞ்சம் தள்ளுங்க, பொண்ணு மேல உங்க நெழலு உழுகுது."

அத்தை தள்ளியது, தம்பி! எழுபது வருஷத்தில் அது யாருக்காவது தள்ளி நீ பார்த்திருக்கிறாயா? சடங்கை நடத்திக்கொண்டிருந்த அருமைக்காரர் வேறு, "அம்மிணி, என்னையும் சேத்து எடுத்துருங்க" என்று மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். அதற்குமேல் யார் என்னைப் பின்னால் அனுப்ப முடியும்? பிறகு அத்தையே காசுமாலையைச் சரிசெய்துகொண்டு, "என்னைய ஒண்ணு எடு கண்ணு, பல்லு தெரியாம" என்றது. தெரியாமல் எடுத்திருக்கிறேன்.

மணமக்கள் பல்லாண்டு வாழட்டும், உன் மெஷினும் ஊசியும் ஓயாமல் ஓடட்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
கேமராவுக்காக மன்னிப்புக் கேட்கும் அக்கா,
விஜயகுமாரி

பி.கு.: கான்வென்ட்டில் பாதி உண்மை சொன்னாலும் முட்டி போட வைப்பார்கள். இப்போதைய முட்டி அதற்குத் தாங்காது, அதனால் மீதியையும் எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பே வேலுமணி ஒரே திருகில் லென்ஸைக் கழற்றிவிட்டான். மறுபடி மாட்டச் சொன்னது நான், அவனைத் திட்டாதே. பெண்ணை வண்டியேற்றிவிட்டு, பந்தி ஹால் வாசலில் யாரும் பார்க்கவில்லை என்று நீ துண்டில் முகம் புதைத்து அழுத படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது உன் நீள லென்ஸில் எடுத்தது, நீ போட்ட அதே தூணோர நாற்காலியில் உட்கார்ந்து. மிக நல்ல லென்ஸ். ஆனால் சத்யப்பிரியாவின் வளைகாப்புக்குள் மவுண்ட் மறுபடி இறுகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.