பித்தளைத் தகட்டில் ரோஜா

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்

அன்புள்ள மச்சான் பிரான்சிஸுக்கு,

மாமா சவுரிராயன் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுத வேண்டிய இடம் இது, எழுதிவிட்டேன். விழுப்புரத்தில் நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாய், அதனால்தான் தபால்.

உன் அக்கா ரோஜாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்துகொண்டு நீ தீர்ப்பு சொன்னாயே, "அக்கா சீரா கொண்டாந்த டபுள் பாஸ் வெளிநாட்டுக்காரன் செஞ்சதுன்னா என் மியூசிக் ஸ்கூலுக்கு வந்துடணும் மாமா, உள்ளூர் ஆசாரி வேலைன்னா உங்க வூட்லயே கெடக்கட்டும்" என்று. கெடக்கட்டுமாம்! முப்பத்தெட்டு வருஷமாக என் கூடத்தில் என்னைவிட உயரமாக நிற்கிற வயலின் அது. யார் செய்தது என்று கண்டுபிடிக்க நீ அனுப்பிய சென்னை நிபுணர் கோதண்டபாணி வியாழக்கிழமை வந்தார். முதலில் மரத்தைப் பார்த்தார். மரம் எங்கே தெரிகிறது? ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டை ஒரு கிறிஸ்துமஸுக்கு நான்தான் அதற்கும் அடித்தேன், ரோஜா நாலு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஓட்டை வழியாகக் கண்ணாடியும் டார்ச்சும் விட்டுத் துழாவினார். எப்போதோ கொறித்துப் போட்ட மல்லாட்டைத் தோல் ஒரு பிடி வந்தது, கூடவே பழைய ரேஷன் கார்டு. தொலைத்துவிட்டாள் என்று பதினோரு வருஷம் அவளைத் திட்டினேனே, அதே கார்டு. "எங்கயும் போவலங்க, வூட்லதான் இருக்குது"ன்னு அவ சொல்லிக்கினே இருந்தா. இப்ப யார்கிட்ட போய் நான் மன்னிப்பு கேக்கறது?

உள்ளே லேபிள் எதுவும் இல்லை. கடைசியாக, மேலே தந்தியை முறுக்குகிற இடத்துப் பித்தளைத் தகட்டைத் துடைத்தார். 'சந்தியாகு மகள் ரோஜா, கல்யாணச் சீர்' என்று இருந்தது. மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாருங்க இத பண்ணது? செஞ்சவன் முத்திரை மேலயே பேர வெட்டி வெச்சிருக்காங்க!"

"எங்க மாமனாருதான். குடத்துல பேர் வெட்டுனாரு, அண்டாவுல வெட்டுனாரு, இதுல மட்டும் விட்ருவாரா? பேர் வெட்டாம சீர் அனுப்புவாங்களா சார்?"

"தேய்ச்சுப் பாக்கட்டுமா? அடியில இருக்கறது தெரிஞ்சாலும் தெரியும்."

"கைய எடுங்க சார்."

ஜல்தியாகக் காபியைக் குடித்துவிட்டு, "உள்ளூர் வேலைன்னே வெச்சிக்குங்க" என்று பஸ் ஏறிவிட்டார். ஆகவே உன் தீர்ப்புப்படி அது என் வீட்டிலேயே கிடக்கும்.

சமையலை முடித்துவிட்டு அவள் வாசிக்க நின்றால், "லாரி போற மாதிரி இருக்குது, நிறுத்துடி" என்பேன். இப்ப பைபாஸ்ல லாரி போனா அந்தத் தடியான தந்தி தானா முனகுது மச்சான். சோத்துல கைய வெச்சவன் எழுந்து போய்ப் பாக்கறேன். அங்க யாரும் இல்ல.

தங்கச்சி அருணாவுக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு ஆசீரும்.

இப்படிக்கு,
சவுரிராயன்

பி.கு.: மேலே லேபிள் இல்லை என்று எழுதியது பொய். இருந்தது. நிபுணர் வருவதற்கு முந்தின நாள் கம்பியில் ஈரத்துணியைச் சுற்றி நான்தான் கிளப்பிட்டேன். வெள்ளைக்காரன் பேரு, பாரிஸ்னு போட்டிருக்குது. கிழியல, அக்கா ஜெபப் புத்தகத்துல வெச்சிருக்கேன். வண்டி எடுத்துக்கினு வா, கொண்டு போ. அங்கயாச்சும் யாரும் நிறுத்துன்னு சொல்லாம புள்ளைங்க வாசிக்கட்டும். தகட்டுல இருக்கற பேர மட்டும் தேய்ச்சிடாதே.